தளை தட்டாத வெண்பா

ஷகிலா அந்தப் புத்தகத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தபோது சாப்பாட்டு மணி அடித்தது. பாப்பிரெட்டிப்பட்டியைத் தாண்டி, மலையடிவாரத்தில் இருந்த நடுநிலைப் பள்ளியில் அவள் தமிழாசிரியை. தர்மபுரியில் ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த வெளியீட்டு விழாவில் நூலைப் பாராட்டிப் பேச அவளை அழைத்திருந்தார்கள். இலக்கிய வட்டத்துச் செயலாளர் சவுரியப்பன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பள்ளிக்கே வந்து கேட்டுக்கொண்டார். ஒரு முஸ்லிம் பெண் மேடையேறி வெண்பாவை அலகிட்டால் ஊரே அசந்துபோகும் என்றார். அந்தப் பேச்சு அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் புத்தகம் பிடித்திருந்தது.

'உலராத கூந்தல்' மாயவன் என்ற கவிஞரின் முதல் தொகுப்பு. முன்பாதி மரபுக்கவிதை, பின்பாதி புதுக்கவிதை. எல்லாமே இறந்துபோன மனைவியைப் பற்றியவை. மரபில் எழுதுகிறவர்கள் எதுகைக்காக அழுவார்கள், புதுக்கவிதைக்காரர்கள் வரியை உடைத்துப் போட்டுவிட்டு அழுததாகச் சொல்வார்கள் என்பது ஷகிலாவின் எண்ணம். இந்த மனிதர் இரண்டையும் செய்யவில்லை. சின்னச் சின்ன வீட்டுச் சாமான்களை எடுத்து வைத்தே நெஞ்சை அடைக்கச் செய்தார். 'இரண்டு டம்ளரில் காபி ஊற்றினேன். ஒன்றை எறும்புகளுக்குக் கொடுத்தேன்' என்று முடிந்த ஒரு கவிதையைப் படித்துவிட்டு அன்று காலை அவள் காபி குடிக்காமலே பஸ் ஏறியிருந்தாள். குறள் வெண்பா ஒன்று மனப்பாடமே ஆகிவிட்டது.

கட்டிலின் ஓரம் கிடக்கும் தலைமுடி
தொட்டெடுக்க ஏங்கும் விரல்.

சத்துணவு சமைக்கும் செல்லம்மாள் ஆசிரியர் அறைக்குத் தண்ணீர்க் குடம் கொண்டுவந்தாள். நாற்பதைத் தொடாத வயது. குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. குடத்தை இறக்கியவள் மேசைமேல் கவிழ்ந்துகிடந்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னட்டையில் கவிஞரின் படம் இருந்தது.

"இது எங்க வூட்டுக்காரருங்க டீச்சர்" என்றாள்.

ஆளைத் தவறாக அடையாளம் கண்டுவிட்டாள் என்று ஷகிலா நினைத்தாள். செல்லம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு படத்தில் புருவத்துக்கு மேலிருந்த தழும்பைத் தொட்டுக் காட்டினாள். கிணற்று மேட்டில் விழுந்ததில் வந்த தழும்பு என்றாள். பிறகு தானாகவே முதல் பக்கத்தைத் திருப்பி, எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'மறைந்த என் மனைவி செல்லத்துக்கு.'

"மறைந்தன்னா செத்துப்போனதுதானுங்களே?"

ஷகிலா தலையை மட்டும் ஆட்டினாள்.

"எதுல செத்தேன்னு போட்டிருக்குங்களா?"

"காய்ச்சல்னு போட்டிருக்கு செல்லம்மா."

"காய்ச்சல் வந்தது நெசந்தானுங்க. டைபாய்டு. தல முடியெல்லாம் கொட்டிப்போச்சு. கட்டில்ல, சோத்துல, எங்க பாத்தாலும் முடி. கொமட்டுதுடி, கூட்டித் தள்ளுடின்னு காலால ஒதுக்குவாரு. எந்திரிக்க முடியாம கெடந்தேன். தீர்த்தமலையில எங்கம்மா வூட்ல வுட்டுட்டு, ஒடம்பு தேறுனதும் வந்து கூட்டிக்கிறேன்னு போனாரு. வரல. அரூர்ல வேற கலியாணம் பண்ணிக்கிட்டாருன்னு சொன்னாங்க." கொஞ்சம் நின்று, "நல்லா எழுதியிருக்காருங்களா?" என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். "நல்லா எழுதியிருக்கார்" என்றாள் ஷகிலா.

அன்று அவளால் சாப்பிட முடியவில்லை. சோற்றுக்குள் கருப்பாக ஏதோ நெளிவதுபோல இருந்தது. வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு வெண்பாவாக அலகிட்டுப் பார்த்தாள். ஒரு இடத்திலாவது தளை தட்டாதா, ஒரு எதுகையாவது நொண்டாதா என்று தேடினாள். எங்கும் தட்டவில்லை. காலால் ஒதுக்கிய முடியைக் கண்ணும் கருத்துமாக அசை பிரித்து வைத்திருந்தான் அந்த ஆள். அதைவிட மோசம், அந்த வரிகள் அவளுக்குள் இன்னும் அதே இனிமையோடு ஓடிக்கொண்டிருந்தன. பாத்திரம் தேய்க்கும்போது வாய் தானாக முணுமுணுத்தது. வாந்திக்குப் பிறகு எத்தனை முறை கொப்பளித்தாலும் போகாத புளிப்பைப்போல.

விழாவுக்குப் போவதில்லை என்று மறுநாள் சொன்னபோது செல்லம்மாள்தான் தடுத்தாள். "போங்க டீச்சர். சண்டையெல்லாம் வேண்டாம். போயி, நான் இருக்கேன்னு மட்டும் சொல்லிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை தர்மபுரிக் கல்யாண மண்டபத்து வாசலில் சவுரியப்பன் ஜரிகைத் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஷகிலா அவரைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவர் அதிர்ச்சியடையவில்லை.

"தெரியுமுங்கம்மா. இங்க பாதிப் பேருக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா சார்?"

"ஆளு எப்படியோ இருக்கட்டும். கவிதையைப் பாருங்க. நம்ம ஜில்லாவுல இப்படி எழுத யாரு இருக்கா? அவரு மனசுல அந்தம்மா செத்துட்டாங்க. அதைத்தான் எழுதியிருக்காரு." அவர் அவளுக்கும் ஒரு துண்டைப் போர்த்தினார்.

மாயவன் ஒல்லியான, பணிவான மனிதர். மேடையில் காபிக் கவிதையை வாசித்தபோது குரல் உடைந்தது. முன்வரிசையில் அவருடைய இரண்டாம் மனைவி மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்துபோய்க் கைக்குட்டையைக் கொடுத்தாள். வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தை வாசித்தார். பின்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். அது நடிப்பு இல்லை என்பதுதான் ஷகிலாவுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. அந்த மனிதர் நிஜமாகவே அழுதார். தானே கொன்று, தானே புதைத்து, அந்தக் குழிமேட்டில் உட்கார்ந்து வயிறார அழுதார்.

அவள் முறை வந்தது. குறள் வெண்பாவை அலகிட்டுக் காட்டினாள். தளை சுத்தமாக இருக்கிறது என்றாள். கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தாள்.

"இந்தப் பாட்டுல வர்ற முடி செல்லம்மாளோடது. அவங்க சாகலை. எங்க பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கிறாங்க. வெள்ளிக்கிழமைகூட எனக்குத் தண்ணி கொண்டாந்து வச்சாங்க. நான் இருக்கேன்னு சொல்லச் சொன்னாங்க. அவ்வளவுதான்."

இரண்டாம் மனைவி குழந்தையை இறுக்கிப் பிடித்தாள். மாயவன் தலையைக் குனிந்துகொண்டார். இப்போது யாராவது எழுந்து ஏதாவது கேட்பார்கள் என்று ஷகிலா நின்றாள். எழுந்தவர் சவுரியப்பன். மைக்கை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"ஆகா. சகோதரி எவ்வளவு நுட்பமாகச் சொல்லிவிட்டார், பாருங்கள். கவிஞரின் மனைவி சாகவில்லை. பசித்த பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கும் ஒவ்வொரு தாயின் உருவத்திலும் வாழ்கிறார். கவிதைக்குக் கவிதையாலேயே ஒரு பாராட்டு."

ஒரு நொடி தயங்கிவிட்டு எல்லோரும் கைதட்டினார்கள். முதலில் உண்மை தெரிந்தவர்கள் தட்டினார்கள், பிறகு தெரியாதவர்கள். அது நீண்டுகொண்டே போனது. அப்படி இல்லை என்று ஷகிலா சொன்னது மைக் இல்லாமல் அவள் காதுக்கே எட்டவில்லை.

துண்டை நாற்காலியில் போட்டுவிட்டு வாசலில் செருப்பைத் தேடும்போது மாயவன் பின்னால் வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மிகவும் மெதுவாக, ஆசையாகக்கூட, கேட்டார்:

"முடி வளந்துடுச்சுங்களா அவளுக்கு?"

அடுத்த தொகுப்புக்கு அவர் கேட்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். பஸ் ஸ்டாண்டு சாக்கடையோரம் குனிந்து, காலையில் குடித்த தேநீரை வெளியே எடுத்தாள்.

திங்கட்கிழமை காலை செல்லம்மாள் சமையல் கூடத்தின் பின்னால் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஷகிலா எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சவுரியப்பன் பேசியதை மட்டும் இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. முறத்தின் தட்டல் நிற்கவே இல்லை.

"கை தட்டுனாங்களா?"

"தட்டுனாங்க."

"எனக்குங்களா, அவருக்குங்களா?"

முறத்து நுனியில் சேர்ந்திருந்த வண்டுகளைச் செல்லம்மாள் விரலால் தள்ளித் தரையில் உதறினாள். மண்ணில் விழுந்தவை மல்லாந்து கால்களை ஆட்டின. எங்கிருந்தோ ஒரு கோழி ஓடிவந்து தலையைச் சாய்த்து அவற்றைப் பார்த்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கொத்தத் தொடங்கியது.