முழங்கை ஒட்டு

“உனக்கென்ன, நீ நல்லா இருக்கே” என்று மேனேஜரம்மா சொன்னபோது எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அசடுதானே நான். என் சட்டையைப் பாராட்டுகிறார் என்று நினைத்து, காலரைக்கூட லேசாக நீவிவிட்டுக்கொண்டேன். அடுத்து அவர் சொன்னதைக் கேட்டதும்தான் கால் தரையில் பட்டது.

எங்களுடையது மூக்குக்கண்ணாடிக் கடை. பின்னால் பார்வை சோதிக்கும் அறை, முன்னால் ஃபிரேம்கள் மாட்டிய சுவர்கள், நீளமான ஒரு கவுண்டர். கவுண்டரில் நானும் சுருட்டையும். தலைமுடியைப் பார்த்து அவளே தனக்கு வைத்துக்கொண்ட பேர் அது. இரண்டு பேருமே தற்காலிகம். கூட்டம் அதிகமாக இருந்தபோது சேர்த்துக்கொண்டார்கள். இப்போது கூட்டம் குறைந்துவிட்டது. ஒருத்தியை நிரந்தரமாக்கிவிட்டு இன்னொருத்தியை அனுப்ப வேண்டும். யாரை என்பதை மேலிடத்தில் மேனேஜரம்மாவிடமே விட்டுவிட்டார்கள்.

“அவளைப் பார்த்தியா, நல்ல துணிமணிகூட இல்ல. கசங்கின சட்டை, பட்டன் ஒண்ணு எப்பவும் தொங்குது. வீட்ல என்ன கஷ்டமோ. நீ வசதியான இடத்துலேருந்து வர்றவ. பொழுது போகணுமேன்னுதான் நீ வர்றேன்னு நினைக்கிறேன். அதனால அவளை வச்சுக்கலாம்னு இருக்கேன். நாளைக்குச் சாயங்காலம் மேல சொல்லணும். உன்கிட்ட முன்னாடியே சொல்லிடலாம்னு தோணுச்சு. நீ புரிஞ்சுக்குவே.”

“புரியுது மேடம்” என்றேன்.

என்ன புரிந்தது எனக்கு? என் வாயில் கொள்ளியை வைக்க. வீட்டில் கணவர் முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார். லாரியிலிருந்து பெட்டி இறக்கும் வேலை அவருக்கு. ஒருநாள் குனிந்தவர் நிமிரவில்லை. அன்றிலிருந்து என் சம்பளத்தில்தான் மூன்று வயிறு. இதையெல்லாம் சொல்ல வேண்டிய இடத்தில் மகாராணி மாதிரி தலையாட்டிவிட்டு வந்து, ஃபிரேம்களைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

வசதியான இடமாம். என் உடம்பில் இருப்பது முழுக்கப் பழைய துணிச் சந்தையில் குவியலுக்குள் தலையை விட்டு எடுத்தது. அங்கே எல்லோரும் கலரையும் பூவையும் பார்ப்பார்கள். நான் சட்டையைத் திருப்பி உள்பக்கத் தையலைப் பார்ப்பேன். தையல் நேராக இருந்தால் துணி உழைக்கும். கருநீலம், சாம்பல், வெள்ளை தவிர வேறு நிறம் வாங்குவதில்லை. எதை எதோடு போட்டாலும் பொருந்திவிடும், நாலு துணி நாற்பது மாதிரி தெரியும். பிளாஸ்டிக் பட்டனைக் கழற்றிவிட்டு நல்ல பட்டனாகத் தைப்பேன். மடிப்பில் பிய்ந்த காலரைப் பிரித்துத் திருப்பி வைத்துத் தைத்தால், பிய்ந்த பக்கம் கழுத்துக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். இவ்வளவுதான் என் சொத்து. இதைப் பார்த்துத்தான் அந்த அம்மாள் என்னைப் பணக்காரி ஆக்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பலகை போட்ட கட்டிலில் மல்லாந்து கிடந்த கணவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்தால் அவருக்கு முதுகு வலிக்கும். வலித்ததும் இன்னும் சிரிப்பார்.

“சிரிங்க, சிரிங்க. அடுத்த மாசம் மூணு பேரும் சிரிச்சுக்கிட்டே பட்டினி கிடக்கலாம்.”

“கோவிச்சுக்காதே. நான் ஒண்ணு சொல்றேன். நாளைக்கு ஒருநாள் கந்தலா போ. அந்தம்மா பார்க்கட்டும். பாவம், இவளுக்கும் கஷ்டம்போலன்னு தோணும்ல?”

“ஆமாம்மா” என்று மகள் வீட்டுப்பாடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். வீட்டில் அவளுக்குப் பேர் வாயாடி. “அந்தச் சாம்பல் சட்டை இருக்குல்ல, வீட்டுக்கு வெள்ளையடிக்கிறப்போ போடுவியே. அதைப் பார்த்தா எதிரிக்குக்கூட அழுகை வரும்.”

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இல்லாததை நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு திரியும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் வேறு வழி என்ன இருந்தது? வாயைத் திறந்து கேட்கவோ எனக்கு வராது. சட்டையாவது எனக்காகப் பேசட்டும் என்று சரி சொல்லிவிட்டேன்.

வாயாடி அலமாரிக்கு அடியிலிருந்து அந்தச் சட்டையை உருவி எடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது, அதாவது நாங்கள் நினைத்த வேலைக்கு. வலது முழங்கையில் ஓட்டை. ஒரு பட்டனைக் காணோம். மார்பில் சுண்ணாம்புப் பொட்டுகள்.

“இந்தப் பொட்டு மட்டும் போகட்டும்” என்றேன். “இது ஏழ்மையா தெரியாது, அழுக்கா தெரியும். ரெண்டும் வேற.”

துவைத்துப் பிழிந்து மின்விசிறிக்கு அடியில் காயப்போட்டேன். காய்ந்ததும் முழங்கையைப் பார்த்தேன். ஓட்டை ஓரத்தில் நூல் விட்டிருந்தது. கடையில் நாளெல்லாம் கவுண்டரில் முழங்கையை ஊன்றி நிற்கிறேன். சாயங்காலத்துக்குள் கை முழுக்கக் கிழிந்துவிடும். ஒட்டுப் போட ஒரு துண்டுத் துணி வேண்டும். தேடினேன், தோதாக எதுவும் அகப்படவில்லை.

“அங்க ஆணியில தொங்குதே, என் வேலைப் பேன்ட். அதுல வெட்டிக்கோ” என்றார் கணவர்.

“அது எதுக்கு? உங்களுக்கு வேணுமே.”

“இனிமே சுமை தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னப்போ நீயும்தானே பக்கத்துல இருந்தே. வெட்டு.”

அவர் சிரிக்கவில்லை. வேறு ஏதாவது வேலை கிடைக்கும், உட்கார்ந்து பார்க்கிற மாதிரி, என்று நாங்கள் இரண்டு பேரும் தினமும் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனாலும் அந்தப் பேன்ட்டை ஆணியிலிருந்து எடுக்க இருவருக்குமே மனசு வரவில்லை. நான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்து, அவர் பார்க்க, தொடைப் பக்கத்தில் ஒரு துண்டு வெட்டினேன். கருநீலத் துணி, கனமானது.

ஒரு முழங்கையில் மட்டும் ஒட்டு இருந்தால் கோணலாகத் தெரியும் என்று இன்னொன்றிலும் வைத்தேன். ஓரத்தை உள்ளே மடித்து, வெளியே தெரியாமல் பொடித் தையலாகப் போட்டேன். காணாமல்போன பட்டனுக்கு ஜோடி கிடைக்கவில்லை. அதனால் எல்லாப் பட்டனையும் கழற்றிவிட்டு, ஒட்டு நிறத்துக்கே பொருந்துகிற மாதிரி ஒரு வரிசை தைத்தேன். கடைசியில், சட்டை சும்மாதானே கிடக்கிறது என்று ஒரு இஸ்திரியும் போட்டேன்.

காலையில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது பின்னாலிருந்து வாயாடியின் குரல் வந்தது.

“அம்மா, நீ ஏழை வேஷம் போடறதுக்குக்கூட லாயக்கில்ல.”

நேரமாகிவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு பஸ் பிடிக்க ஓடினேன்.

கடைக்குள் நுழைந்ததும் மேனேஜரம்மா நிமிர்ந்து பார்த்தார். பார்வை முழங்கையில் வந்து நின்றது.

“அட, இது எந்தக் கடையில எடுத்தே? முழங்கையில இப்படி வச்சுத் தைக்கிறதுதான் இப்ப ஸ்டைலா? விலை ஜாஸ்தியா இருக்குமே.”

“அப்படியெல்லாம் இல்ல மேடம்” என்று முனகினேன். அவர் நம்பவில்லை. இப்படி அடக்கமாகப் பேசுவதும் பணக்காரர்கள் வழக்கம்தான் என்று நினைத்திருப்பார். போயும் போயும் பாவமாகத் தெரியத் தைத்த சட்டை என் தலையில் மண்ணை அள்ளிப் போட்டது. யாரைத் திட்ட? என் கையைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும்.

மதியத்துக்குச் சற்று முன்னால் ஒரு காவலாளி வந்தார். சில வாரங்களுக்கு முன் தயங்கித் தயங்கி வந்து, விலைச்சீட்டுகளைப் பார்த்துவிட்டு வெளியே போகப் போனவர். நான்தான் கூப்பிட்டு உட்காரவைத்து, கீழ் இழுப்பறையில் இருக்கும் மலிவு ஃபிரேம்களை எடுத்துப் போட்டேன். அவருக்குச் சதுர முகம். ஓரம் உருண்ட கறுப்பு ஃபிரேம் ஒன்று அச்சாகப் பொருந்தியது. முகத்துக்குப் பொருந்திவிட்டால் விலை யார் கண்ணுக்கும் தெரியாது. காதில் அழுத்தாமல் கம்பியை வளைத்துக் கொடுத்து அனுப்பினேன். இப்போது கூடவே இரண்டு மச்சான்களை அழைத்து வந்திருந்தார்.

“எனக்கு எடுத்த மாதிரி இவங்களுக்கும் பார்த்துக் குடும்மா. என்னைப் பார்த்து ஆபீசர்னு நினைச்சு ஒருத்தன் சல்யூட் அடிச்சான். அதுலேருந்து இவங்களுக்குத் தூக்கமே இல்ல.”

மச்சான்கள் வெட்கத்தோடு சிரித்தார்கள். ஒருவருக்கு நீள முகம், ஒருவருக்குப் பூசின முகம். எடுத்து வைத்து, கழற்றி, மறுபடி வைத்து முடிப்பதற்குள் பொழுது போனதே தெரியவில்லை. அவர்கள் போன பிறகு திரும்பினால், மேனேஜரம்மா தன் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று போனைக் கையில் எடுத்தார். மேலே சொல்லப்போகிறார்.

நான் எப்படி அவர் மேசை வரை நடந்தேன் என்று எனக்கே தெரியாது. முழங்கையை அவர் முன்னால் நீட்டினேன்.

“மேடம், இது ஸ்டைல் இல்ல. இதுக்கு அடியில ஓட்டை.” கைப்பட்டியின் பட்டனைக் கழற்றி உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். துவைத்தும் போகாத சுண்ணாம்புக் கறை அங்கே இருந்தது. “வெள்ளையடிக்கிறப்போ போடுற சட்டை. இந்த நீலத் துணி என் வீட்டுக்காரரோட வேலைப் பேன்ட். அவருக்கு முதுகு போச்சு. இனிமே அந்த வேலைக்குப் போக முடியாது. நேத்து அவரே வெட்டச் சொன்னார். எனக்கு இந்த வேலை வேணும் மேடம். பொழுதுபோக்குக்கு வரல. சாப்பாட்டுக்கு வர்றேன்.”

சொல்லி முடித்ததும் கண் நிறைந்துவிட்டது. அவமானமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மேனேஜரம்மா போனைக் கீழே வைத்தார். “ஏம்மா, இதை நேத்தே சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருக்கணும். வீறாப்பு, வேற என்ன.”

“அப்ப அவ?” என்று குரலைத் தாழ்த்திச் சுருட்டை பக்கம் கண்ணைக் காட்டினார். “அவளும் பாவம்தானே.”

குரலைத் தாழ்த்தி என்ன பிரயோஜனம், சின்னக் கடை. சுருட்டை துடைத்துக்கொண்டிருந்த துணியோடு வந்து நின்றாள்.

“நான் என்ன பாவம் மேடம்?”

“இல்ல... உன் சட்டை, அந்த பட்டன்...”

“எங்கப்பா இரும்புக் கடை வச்சிருக்கார் மேடம். வீடு நிறையத் துணி கிடக்கு. எனக்கு இஸ்திரி பண்ணச் சோம்பல். அம்மா திட்டாத நாள் இல்ல. இந்தப் பட்டனுக்காகவா என்னை வச்சுக்கலாம்னு பார்த்தீங்க?”

மேனேஜரம்மா அசடு வழிந்தார். அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. கெட்டவர் இல்லை. நல்லது செய்ய நினைத்து, எங்கள் இரண்டு பேரையும் தப்பாகப் படித்துவிட்டார், அவ்வளவுதான்.

“எனக்கும் வேலை வேணும்தான்” என்றாள் சுருட்டை. “ஆனா பாவம் பார்த்து வேண்டாம். யார் நல்லா வேலை செய்றாங்களோ அவங்களை வச்சுக்குங்க.”

மேனேஜரம்மா வாசலைப் பார்த்தார், அந்த மச்சான்கள் இன்னும் அங்கே நிற்பது போல.

“அப்படின்னா இவதான்” என்று என்னைக் காட்டினார். “அந்த மனுஷர் திரும்பி வந்ததே இவளுக்காகத்தான். நான் சட்டையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.”

சுருட்டையின் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு என் தோளில் ஒரு இடி இடித்தாள். “போ, நீதான். நான் விக்கிறதைவிட அரட்டை அடிக்கிறதுதான் ஜாஸ்தி. தெரிஞ்ச விஷயம்தானே.”

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சந்தோஷமா, அவளை நினைத்தா என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த வாரம் அவளுக்கு ஒரு கைக்கடிகாரக் கடையில் நேர்காணல். மேனேஜரம்மாதான் போன் போட்டு ஏற்பாடு செய்திருந்தார். முந்தின நாள் சாயங்காலம் ஒரு பை நிறையச் சட்டைகளோடு சுருட்டை எங்கள் வீட்டுக்கு வந்து நின்றாள்.

“இதுல எதைப் போடலாம்னு சொல்லு. இல்ல, கசங்கலாவே போயிடட்டா? அங்கயும் உங்க மேடம் மாதிரி ஒருத்தங்க இருந்தா வேலை நிச்சயம்.”

கட்டிலில் கிடந்த என் கணவர் சிரித்தார், முதுகைப் பிடித்துக்கொண்டார், மறுபடி சிரித்தார். அவரை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வணக்கம் சொல்லிவிட்டு, பலகை போட்ட கட்டிலையும், மருந்துப் புட்டிகளையும், ஒரு கால் வெட்டுப்பட்ட பேன்ட் இன்னும் ஆணியில் தொங்குவதையும் மெதுவாகப் பார்த்தாள். பிறகு என்னோடு சமையலறைக்கு வந்தாள்.

“இத்தனை மாசமா பக்கத்துலதானே நின்னேன்” என்றாள். “தினமும் ஒண்ணாதானே சாப்பிட்டோம். என்கிட்டகூடச் சொல்லணும்னு தோணலையா உனக்கு?”

இஸ்திரிப் பெட்டி சூடாகியிருந்தது. பையிலிருந்து வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்து மேசையில் விரித்து, தண்ணீர் தெளித்தேன்.

“தோணுச்சு” என்றேன். “தினமும் தோணுச்சு.”

அவள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் காலரில் தொடங்கினேன். கணவர் குனிந்து நிமிராத அந்த நாளிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே தேய்த்தேன். சட்டை முடிந்தது. பேச்சு முடியவில்லை. அவள் பையிலிருந்து இன்னொரு சட்டையை எடுத்து நீட்டினாள்.