கன்னிக்காலில் கத்தி

ஞாயிற்றுக்கிழமை மாமி வருவதற்கு முன் முள்முருக்கை வெட்டியே தீருவது என்று வியாழன் முடிவெடுத்துவிட்டேன். வெட்டினால் மாமி என்னைச் சும்மா விடமாட்டார். வெட்டாவிட்டால் மரம் பிழைக்காது. மரம் செத்தாலோ, ஆயுளுக்கும் சொல்லிக் காட்டுவார்.

அது சாதாரணச் செடி இல்லை, எங்கள் கலியாணத்துக்கு நட்ட கன்னிக்கால். வழக்கமாக அந்த முருக்கந்தடியை வீட்டு வளவில் நடுவார்கள். அது தழைத்தால் குடும்பமும் தழைக்கும் என்பது நம்பிக்கை. எங்கள் கலியாணம் கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நாங்கள் குடியிருப்பதோ பொன்னையா அண்ணையின் சைக்கிள் கடைக்கு மேல்மாடியில். சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது. ஆகவே கன்னிக்கால் பெரிய சீமெந்துச் சாடியில் எங்களோடு பல்கனிக்கு ஏறி வந்தது. ரோசா, துளசிச் சாடிகளுக்கு நடுவே மாப்பிள்ளை போல நின்றது.

"தழைக்குதோ எண்டு பாப்பம்," என்றார் மாமி அன்றைக்கு. முரசுமோட்டை வயல்காரக் குடும்பத்துக்கு, மலையகத்திலிருந்து வந்து துணுக்காயில் குடியேறியவர்களின் மகள் மருமகளானது அவருக்குப் பிடிக்கவில்லை. என் அம்மாவைத் தன் வீட்டுப் படலைக்குள் ஒரு நாள்கூடக் கூப்பிட்டதில்லை. அந்தப் "பாப்பம்" எனக்குள் குத்திக்கொண்டே இருந்தது. எனக்கு ரோசம் கொஞ்சம் கூடத்தான்.

ஆவணியில் நட்டது ஐப்பசிக்குள் என் உயரத்துக்கு வந்துவிட்டது. கார்த்திகை மழை பிடித்த பத்தாம் நாள் இலைகள் மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கின. என் கணவர் சுகிர்தன் பதறிப்போய், மழைக்கு மறைப்பாகக் கட்டும் தறப்பாளால் மரத்தைச் சாடியோடு சேர்த்து இறுக்கிச் சுற்றிக் கட்டினார், காய்ச்சல்காரனுக்குப் போர்வை போர்த்துகிற மாதிரி. இரண்டே நாளில் உள்ளே புழுங்கிப் பாதி இலை கறுத்துவிட்டது.

அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அம்மா தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா அங்கே தேயிலை மறுபடி துளிர்க்கக் கிளை கழிக்கும் கவ்வாத்து வேலை செய்தவர். அவருடைய வளைந்த கவ்வாத்துக் கத்தியைத்தான் அம்மா எனக்குச் சீதனமாகத் தந்திருந்தார்.

"சாடியில தண்ணி வடியுதா, மொதல்ல அதைப் பாரு," என்றார் அம்மா. "வேர் கெட்டிருந்தா மேல கவ்வாத்து வெட்டத்தான் வேணும். மழையில வெட்டாத, வெட்டுன எடம் அழுகும். ஒரு கொப்பை மட்டும் மூச்சு விட வச்சிரு."

குனிந்து பார்த்தால் சாடியின் துளையைக் காணவில்லை. சீமெந்து பூசி அடைத்திருந்தது.

"இது ஆரின்ர வேலை?"

சுகிர்தன் தலையைச் சொறிந்தார். "எங்கட அம்மா வெள்ளிக்கிழமையில மஞ்சள் தண்ணி ஊத்தச் சொன்னவாதானே. அது கீழ கடைக்குள்ள ஒழுகி, ஆக்களின்ர காலில மிதிபடக் கூடாதாம். அதுதான் அடைச்சனான்."

புனிதம் கெடக்கூடாது என்று கன்னிக்காலைத் தண்ணீரில் முக்கிக் கொல்லப் பார்த்திருக்கிறார்கள், தாயும் மகனும். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

வெள்ளி காலை வெயில் எறித்தது. அடுத்துக் காற்றோடு பெருமழை வரும் என்று ரேடியோ சொன்னது.

"அம்மா வந்த பிறகு கேட்டுச் செய்வமே?" என்றார் சுகிர்தன்.

"அவா வரேக்க மரம் இராது. சாடியைச் சரியுங்கோ."

சீமெந்தை உடைத்ததும் கறுப்புத் தண்ணீர் நாற்றத்தோடு கொட்டியது. வேரில் பாதி குழைந்திருந்தது. அதை வெட்டி எறிந்து, மணல் கலந்த புது மண் போட்டேன். பிறகு மேலே கத்தியை வைத்தேன். முதல் கொப்பு விழுந்தது. தண்ணீர் தங்காதபடி ஒவ்வொன்றையும் சரிவாக வெட்டி, ஒரே ஒரு கொப்பை மட்டும் விட்டேன். சாடியைச் செங்கல்லில் ஏற்றிச் சுவரோரம் தள்ளி, பொன்னையா அண்ணை தந்த பழைய சைக்கிள் டியூபால் பல்கனிக் கம்பியோடு கட்டினோம். தறப்பாளை மேலே கூரையாகச் சரித்துக் கட்டி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விட்டேன். ரோசாவையும் துளசியையும் அதன் கீழேயே ஒதுக்கினோம்.

இன்னும் கை கழுவவில்லை, மாமி படியேறி வந்து நின்றார். பெருமழைக்கு முன் மகனைப் பார்த்துவிட வேண்டும் என்று ஞாயிறு வரை பொறுக்காமல் பஸ் ஏறியிருக்கிறார்.

"கன்னிக்காலில கத்தி வைச்சது ஆர்?"

சுகிர்தன் வாயைத் திறந்தார். பழியைத் தன் தலையில் போடப் போகிறார் என்று தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன்.

"நான்தான் மாமி. அம்மாட்டக் கேட்டுத்தான் வெட்டினனான். தண்ணி வடியாமல் வேர் அழுகிப் போச்சு, இந்தா பாருங்கோ."

மாமி அழுகிய வேரை வாங்கி முகர்ந்து பார்த்தார். "இனி இது பட்டுப் போச்செண்டால்?"

"பட்டுப் போனாலும் நான் உங்கட மகனோடதான் இருப்பன். ஆனா பட விடமாட்டன்."

தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் மாமி அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டார். குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று நன்றாக அழுதேன்.

நான்கு நாள் விடாத மழை. தறப்பாளில் தேங்கிய தண்ணீரைத் தடியால் தட்டித் தட்டி விட்டேன். காற்று ஒரு மூலையைப் பிய்த்தபோது சுகிர்தன் நனைந்துகொண்டே திரும்பக் கட்டினார். துளசி ஒன்று செத்தது. முருக்கில் விட்ட கொப்பு மட்டும் மூன்று இலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. வெட்டிய இடங்களை நாளுக்குப் பத்துத் தரம் போய்ப் பார்த்தேன்.

வெட்டிப் பதினெட்டாம் நாள் பச்சையாக நான்கு முளை. உடனே மாமிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"மாமி, துளிர்த்திட்டுது."

"விட்ட கொப்பிலயோ?"

"இல்லை, வெட்டின இடத்தில. நாலு."



"எங்கட வாசல் தேசியும் இந்த மழைக்கு இலை கொட்டுது," என்றார் மாமி, தன் வீட்டு எலுமிச்சையைச் சொல்லி. "வாற ஞாயிறு வாரும் பிள்ளை. அந்தக் கத்தியையும் கொண்டு வாரும்."

"எனக்குத் தேசி வெட்டத் தெரியாது மாமி. அம்மாவுக்குத்தான் தெரியும்."

அது பொய். அம்மா இல்லாமல் நான் அந்தப் படலைக்குள் போவதாக இல்லை.

"அப்ப கொம்மாவையும் கூட்டிக்கொண்டு வாரும்," என்றார் மாமி. "மத்தியானச் சாப்பாடு இஞ்சதான் எண்டு சொல்லும்."