மாரிக்கனிக்குப் பதிலாக

மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்த அந்தச் சீட்டை மருத்துவர் மேசைமேல் பிரித்து விரலால் நீவினார். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி அது. எதிரே முக்காலியில் மாரிக்கனி உட்கார்ந்திருந்தாள். துணைக்கு வந்த கனகலட்சுமி, கையில் மஞ்சள் பையுடன் அவள் பின்னால் நின்றாள். சீட்டில் மாரிக்கனியின் பெயர் இருந்தது, வயது நாற்பத்தேழு என்று இருந்தது, கர்ப்பப்பை வாயில் குறை ஏதும் இல்லை என்றும் எழுதியிருந்தது. தேதி மூன்றாண்டுக்கு முந்தையது.

"இது மெதுவா வர்ற நோய்மா. பத்து வருஷம், பதினஞ்சு வருஷம்கூட உள்ளேயே இருந்து வளரும். மூணு வருஷத்துக்கு முன்னாடி பாத்தப்ப சுத்தமா இருந்திருக்கு. இப்ப கர்ப்பப்பையைத் தாண்டிப் பக்கத்துல பரவியிருக்கு. எனக்குப் புரியல" என்றார் மருத்துவர்.

மாரிக்கனி சுவரைப் பார்த்தாள். கனகலட்சுமி தரையைப் பார்த்தாள். மருத்துவருக்குப் புரியாதது அவர்கள் இருவருக்கும் புரிந்திருந்தது.

அறுவைக்குக் காலம் கடந்துவிட்டது, கதிர்வீச்சு, அதாவது கரண்டு, வைக்க வேண்டும், ஊசியும் போட வேண்டும், குணமாவதற்கு வழி இருக்கிறது, ஆனால் உறுதி சொல்ல முடியாது என்று மருத்துவர் பொறுமையாகச் சொல்லி முடித்தார். வெளியே வந்து வராந்தாவின் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்ததும் மாரிக்கனி முதலில் கேட்டது தன் உயிரைப் பற்றி அல்ல.

"மதினி, இத யாருகிட்டயும் சொல்லிறாத. எம் மகளுக்குத் தெரியவே கூடாது. அவுக அப்பாவுக்குத் தெரிஞ்சா, பொய்யச் சொல்லிச் சீட்டு வாங்குனவ தானடின்னு சாகுறவரைக்கும் சொல்லிக் காட்டுவாக."

"சொல்லல" என்றாள் கனகலட்சுமி. அப்போது அந்தச் சொல் மிக எளிதாக வந்தது.

திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் பெண்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. களையெடுப்புக்கு வருவதாக ஒருத்தி சொல்லிவிட்டு, அன்று காலையில் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டால், அவள் பெயருக்கு வேறொருத்தி போய் நிற்பாள். போனவளுக்கு ஒரு நாள் முடியாமல் போகும்போது இவள் போவாள். மகளிர் குழுக் கூட்டத்தில் உட்காரவும், துக்க வீட்டில் முகம் காட்டவும்கூட இப்படித்தான். வாக்குத் தவறாமல் இருப்பதற்காக ஏழைகள் தமக்குள் செய்துகொண்ட நேர்மையான ஏற்பாடு அது. இருபது ஆண்டுகளாக மாரிக்கனிக்குக் கனகலட்சுமியும், கனகலட்சுமிக்கு மாரிக்கனியும் பதிலாள். ஒருத்தி குனிந்த நிரையில் மற்றவள் குனிந்ததை எந்தக் காட்டுக்காரரும் குறை சொன்னதில்லை.

மூன்றாண்டுக்கு முன், வீடு வீடாக வந்து சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் பார்க்கும் துர்காதேவி, ஒரு பெயர்ப் பட்டியலோடு வந்தாள். அதே ஊர்ப் பெண். முப்பது வயது கடந்த பெண்கள் எல்லாரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து கர்ப்பப்பை வாயைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்றாள்.

"எனக்குத்தான் ஒன்னும் செய்யலையே, நான் எதுக்கு வரணும்?" என்றாள் மாரிக்கனி.

"ஒன்னும் செய்யாதப்ப பாக்குறதுதான் அத்த இந்தப் பரிசோதன. செஞ்ச பெறகு பாக்குறதுக்குப் பேரு வைத்தியம்."

"குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசன் பண்ணி இருபது வருசமாச்சு. கடைய அடச்சாச்சு. அடச்ச கடைக்குள்ள என்னத்தடி பாக்கப் போறீக?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். துர்காதேவியும் சிரித்தாள். அந்த ஆபரேஷனுக்கும் இதற்கும் தொடர்பில்லை, தீட்டு நின்றவர்களும் வரலாம், கிருமி எப்போதோ ஒட்டியிருக்கும், ஆண்டுக்கணக்காகப் பேசாமல் கிடக்கும் என்று சொல்லிவிட்டுப் பட்டியலில் மாரிக்கனியின் பெயருக்குக் கீழே ஒரு கோடு இழுத்தாள். விடமாட்டாள் என்பது தெரிந்தது.

மாரிக்கனியைத் தடுத்தது வெட்கம். இந்த வெட்கத்தை அவள் தாயின் வயிற்றிலிருந்து கொண்டுவரவில்லை. மூன்று பிள்ளைகளைப் பெற்றவளுக்குத் தன் உடலின் ஓர் உறுப்பை உரிய பெயரால் சொல்லத் தெரியாது. அது என்ன, எங்கே இருக்கிறது, என்ன நேர்ந்தால் ஆபத்து என்று ஒருவரும் அவளுக்குச் சொன்னதில்லை. மூடு என்றார்கள், மறை என்றார்கள், விலகி உட்கார் என்றார்கள். பெண்ணின் உடலை மானம் என்று மேடை போட்டுப் பாடிய சமூகம், அந்த உடல் உள்ளுக்குள் அழுகும்போது எட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்கவில்லை. தப்பித் தவறி ஒதுக்கிக் கொடுத்தபோது, அந்த ஐந்து நிமிடத்தைப் பெற்றுக்கொள்ளும் துணிவை அவளிடம் விட்டு வைத்திருக்கவில்லை.

கனகலட்சுமி முந்தைய மாதமே பார்த்துக்கொண்டு வந்தவள். மேசைமேல் படுக்கச் சொன்னார்கள், வினிகர் மாதிரி ஏதோ ஒன்றைப் பஞ்சில் தொட்டு உள்ளே தடவினார்கள், கொஞ்சம் காந்தியது, வெள்ளையாக மாறவில்லை, அதனால் குறை இல்லை என்றார்கள், அவ்வளவுதான். தன் அனுபவத்தைச் சொல்லித் தோழியின் கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்கலாம். அவளோ வேறொன்று சொன்னாள்.

"ரொம்பக் கூச்சமா இருந்தா விடு மதினி. நான் போயிப் படுத்துட்டு வாரேன். அந்தப் பிள்ள பட்டியலும் நெறஞ்சிரும், ஒன்னயும் நச்சரிக்க மாட்டா."

"ஆதார்ல எம் மூஞ்சி இருக்கே."

"ஆதார் படத்துல நீ எங்க இருக்க? யாரோ களவாணி மாதிரில்ல இருக்கு. அதுல யாரப் பாத்தாலும் அப்படித்தான்."

அன்றைக்கு இருந்த நர்ஸ் ஊருக்குப் புதியவர். "மாரிக்கனி" என்று கூப்பிட்டதும் கனகலட்சுமி எழுந்து உள்ளே போனாள். வரும் வழியில் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து, ஒரு நிரை களை கூடுதலாக எடுத்துக் கொடுத்தவளின் நிறைவோடு, அந்தச் சீட்டை மடித்து மடியில் செருகிக்கொண்டாள்.

தீட்டு நின்று ஈராண்டுக்குப் பின் மாரிக்கனிக்கு மறுபடியும் உதிரம் பட்டது. "எனக்கு வயசு திரும்புது மதினி" என்று அவள் கேலி பேசினாள். இடுப்பு வலித்தது, துர்நாற்றம் வீசியது. டவுனில் ஒரு டாக்டரிடம் போனாள். அவர் என்ன பரிசோதனை செய்திருக்கிறாய் என்று கேட்டபோது அந்தச் சீட்டைக் காட்டினாள். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் சீட்டை நம்பி, வெள்ளைப்படுதலுக்கு மாத்திரை எழுதினார். எட்டு மாதம் மாத்திரையில் போயிற்று.

பொய் அதோடு நின்றிருந்தால் அது இருவரின் துயரமாக முடிந்திருக்கும். நிற்கவில்லை. மாரிக்கனிக்குக் கரண்டு வைக்கிறார்கள் என்ற செய்தியோடு, அவள் முன்னமே பரிசோதித்து நன்றாக இருக்கிறது என்று சீட்டு வாங்கியவள் என்ற செய்தியும் ஊருக்கு வந்தது. அந்தக் கார்த்திகையில் துர்காதேவி மறுபடி பட்டியலோடு வந்தபோது, கதவுகள் அவள் முகத்துக்கு நேராகச் சாத்திக்கொண்டன.

பரிசோதனை முகாம் நாளன்று காலை பத்து மணிக்கு, கருத்தம்மாளின் பருத்திக் காட்டில் பதினோரு பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கருத்தம்மாள் காட்டுக்குச் சொந்தக்காரி. ஆனாலும் ஆட்களோடு சேர்ந்து தானும் குனிபவள். கனகலட்சுமி ஒரு நிரையில் இருந்தாள். இரண்டு நிரை தள்ளி மாரிக்கனியின் மகள் தங்கமாரி இருந்தாள். உள்ளூரிலேயே வாக்கப்பட்டவள், போன ஆவணியில் முப்பது முடிந்தவள். துர்காதேவி வரப்பில் வந்து நின்றாள். ரோட்டில் அவள் பேசிக் கொண்டுவந்த ஷேர் ஆட்டோ நின்றது.

"ஒரு மணி நேரந்தான் பெரியம்மா. நானே கூட்டிட்டுப் போயி நானே கொண்டாந்து விடுறேன்."

"போன தடவ பாத்தவ இப்ப மதுரயில கெடக்கா" என்றாள் கருத்தம்மாள் நிமிராமல். "பாத்தும் வருது, பாக்காமலும் வருது. அதுக்கு எதுக்கு அங்க போயி மானத்த விட்டுட்டு வரணும்? நீ போ தாயி, வேலையப் பாரு."

"எங்கம்மாவ முன்னாலயே பாத்து என்னத்தக் கண்டீக?" என்றாள் தங்கமாரி. அவள் குரலில் கோபம்கூட இல்லை. "நான் வரல."

மூன்று ஆண்டாகத் தன் கையால் நிரப்பிய அந்தப் பட்டியலைத் துர்காதேவியும் சந்தேகிக்கத் தொடங்கியிருந்தாள். அவள் திரும்பி நடந்தாள்.

கனகலட்சுமி முதுகை நிமிர்த்தினாள். சிமெண்டு பெஞ்சில் கொடுத்த வாக்கு ஒரு பக்கம் இருந்தது. மறுபக்கம் பத்துக் குனிந்த முதுகுகள் இருந்தன. அவற்றில் எதற்குள் எது ஒளிந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? தோழியின் மானத்தைக் காத்த பொய் இப்போது தோழியின் மகளுடைய உயிரின்மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. வாக்குக் காப்பது அறம் என்று படித்தவர்கள் சொல்வார்கள். இந்த வாக்கைக் காத்தால் என்ன மிஞ்சும் என்பதை அவள் மதுரையில் பார்த்துவிட்டு வந்தவள்.

"துர்கா, நில்லு" என்றாள். பிறகு கருத்தம்மாளிடம்தான் சொன்னாள். தங்கமாரியைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"சின்னம்மா, மாரிக்கனி பாக்கல. அன்னைக்கு அவ பேரச் சொல்லிப் படுத்தது நானு."

களைக்கொத்திகள் நின்றன.

"சுத்தமா இருக்குன்னு எழுதுனது என் ஒடம்ப. அவ ஒடம்ப யாருமே பாக்கல. பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும், அங்கயே சுட்டு எடுத்திருப்பாக, அன்னைக்கே வீட்டுக்கு வந்திருப்பா. நாந்தான் கெடுத்தேன்."

"ஏண்டி, இத்தன மாசமா இத வாயில வச்சிக்கிட்டா கஞ்சி குடிச்ச?" என்றாள் கருத்தம்மாள். அதட்டலாகத் தொடங்கிய குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது.

ஒருத்தி தூக்குவாளித் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு வரப்பேறினாள். அவள் பின்னால் இன்னொருத்தி, முந்தானையை உதறியபடி. மற்றவர்கள் நின்ற இடத்தில் நின்றார்கள்.

தங்கமாரி எழுந்திருக்கவில்லை. அவள் மட்டும் குனிந்த தலையோடு நிரையில் முன்னேறிக்கொண்டிருந்தாள். களையை விட்டுவிட்டு, நான்கிலை விட்டிருந்த பருத்திச் செடிகளை ஒவ்வொன்றாக வேரோடு பிடுங்கிப் போட்டுக்கொண்டு போனாள். கருத்தம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், தடுக்கவில்லை. செடிகள் இருந்த இடத்தில் கரிசலின் ஈரம் சிறு சிறு குழிகளாக வெயிலில் திறந்து கிடந்தது.