சிவப்புப் புள்ளி வைத்த முப்பத்தேழு

அன்று மதியம் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் நான்காவது மாடி வீட்டில் இருந்தவர்கள்: தனலெட்சுமி, அறுபது வயது, கேமரா தொழிற்சாலையில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள், அவள் கணவன் முகுந்தன், அதே தொழிற்சாலையின் ஸ்டோரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன், செராஸிலிருந்து வந்திருந்த பிரவின், பழைய பிலிம் கேமராக்களின் மேல் பைத்தியம் பிடித்தவன். மலர் அங்கே இல்லை. அவள் பெயர் மட்டும் பிரவினின் லேப்டாப்பில் இருந்தது.

கோசான் கேமராவின் வரலாற்றை அவன் எழுதிக்கொண்டிருந்தான். எண்பத்தைந்தில் தொழிற்சாலை ஜப்பானிலிருந்து கிள்ளானுக்கு வந்தது, தொண்ணூற்றாறில் மூடியது, எந்த மாதம் எந்த நம்பர் வெளியே போனது, எந்த வருடம் உலோக மூடி பிளாஸ்டிக் ஆனது, எல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். தனலெட்சுமிக்கு அந்தக் கேமரா என்றால் கழுத்துவலி. பல ஆயிரம் கேமராவுக்கு அடித்தட்டு மாட்டியிருக்கிறாள். ஒன்றில்கூடப் படம் எடுத்ததில்லை.

"ஆன்டி, கம்பெனி பேப்பர்ல கடைசி நம்பர் நாப்பதாயிரத்து அறுநூறுல முடியுது. ஆனா வெளிய அறுநூத்தி முப்பத்தேழு வரைக்கும் இருக்கு. எப்படி?"

"திருட்டு லா," என்றான் முகுந்தன் டிவி முன் நாற்காலியிலிருந்து. "ஸ்டோர் கிளார்க் பொம்பள. ஊருக்கே தெரியும்."

"ஆமா அங்கிள், பழைய பேப்பர்ல பார்த்தேன். எழுதியும் வச்சிட்டேன்." பிரவின் திரையைப் பார்த்து வாசித்தான். "'கடைசி முப்பத்தேழு கேமராக்களின் பாகங்களைத் திருடியவர் ஸ்டோர் கிளார்க் மலர்.' நாளைக்கு புக்கு பிரிண்டுக்குப் போகுது. ஒண்ணு மட்டும்தான் புரியல."

பையிலிருந்த கேமராவை எடுத்துக் கவிழ்த்து, அடித்தட்டைக் கழற்றினான். உள்ளே நான்கு திருகுகளின் தலையிலும் அடர்சிவப்பில் ஒவ்வொரு புள்ளி.

"மத்த கேமராவுல எல்லாம் பச்ச. இந்த முப்பத்தேழுல மட்டும் செவப்பு. ஆன்லைன்ல பெரிய சண்டையே நடக்குது ஆன்டி. ஜப்பான்காரன் வச்ச சீக்ரெட் மார்க்குனு ஒருத்தன் சத்தியம் பண்றான்!"

தனலெட்சுமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். ஒவ்வொரு புள்ளிக்கும் இடப்பக்கம் இழுபட்ட ஒரு சின்ன வால். அவள் இடதுகைக்காரி.

தொழிற்சாலை மூடிய அந்த டிசம்பரில் முகுந்தன் சாப்பாட்டுத் தூக்கில் பாகங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்தான். கம்பெனி கொடுத்த வீட்டு வேலை என்றான். அப்போது அக்கம்பக்கத்துப் பெண்கள் வயர் உரிப்பதும் பெட்டி மடிப்பதும் வீட்டில்தான்; அதனால் நம்பினாள். சமையலறை மேசையில் முப்பத்தேழையும் மாட்டி முடித்தாள். திருகு கழன்றுவிடாமலிருக்கத் தொழிற்சாலையில் பச்சைப் பெயின்ட் வைப்பார்கள். வீட்டில் அது இல்லை. புள்ளி வைக்காமல் ஒரு திருகை விட அவள் கைக்குத் தெரியாது. தீபாவளிக்கு நகத்தில் பூச வாங்கிய சிவப்புக் கியூடெக்ஸைத் திறந்தாள். திருடத் தெரிந்த எவளும் அப்படிச் செய்திருக்க மாட்டாள்.

அடுத்த மாதம் மலரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. ஸ்டோர் சாவி அவளிடம்தான் இருந்தது. நிரூபிக்க முடியாமல் விட்டார்கள். வேறு எங்கும் வேலை கிடைக்கவில்லை, நிச்சயித்த கல்யாணம் நின்றது, பந்திங் ஊரில் அண்ணன் வீட்டில் போய் ஒடுங்கினாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள். தனலெட்சுமி கணவனிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

முகுந்தன் டிவியை அணைத்தான்.

"தம்பி, இங்க வரேன்னு யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்லையே அங்கிள். ஏன்?"

"சும்மா." எழுந்து ஜன்னலைச் சாத்தினான். "அவளுக்குக் கண்ணு சரியில்ல, ஞாபகமும் இல்ல. மழ வரப்போவுது. நீ கெளம்பு."

பிரவின் அவசரமாகத் தட்டை மாட்டினான். "அது நீளத் திருகு, அந்த ஓட்டைக்கு இல்ல. கேமராவையே ஒடச்சிருவ," என்று தனலெட்சுமி ஸ்க்ரூடிரைவரை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். தட்டின் நான்கு திருகும் மூச்சு விடுவதற்குள் உட்கார்ந்தன.

"கண்ணு சரியில்லாத ஆளா இது! என் மெக்கானிக்குக்கே கால் மணி நேரம் ஆகும் ஆன்டி." பிரவின் சிரித்தான். அவன் மட்டும்தான் சிரித்தான். முகுந்தன் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் அவன் கை நீட்டியது இரண்டே தடவை. இரண்டு தடவையும் அதற்கு முன்னால் இப்படித்தான் சத்தமில்லாமல் பார்த்தான்.

பிரவின் சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு லிஃப்டை நோக்கி நடந்தான். தனலெட்சுமி வாசலில் நின்றாள். நாளைக்கு அச்சில் ஏறிவிடும். அப்புறம் மலர் செத்தாலும் அந்த வரி சாகாது.

"உள்ள வா தனம்." குரல் மென்மையாகத்தான் இருந்தது.

அவள் வெறுங்காலோடு நடைபாதையில் இறங்கினாள்.

"பிரவின்! நில்லுப்பா."

லிஃப்ட் பொத்தானில் விரலை வைத்தபடி அவன் திரும்பினான்.

"அது சீக்ரெட்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கியூடெக்ஸ். என்னோடது. முப்பத்தேழும் இந்த வீட்டுல, என் கையால மாட்டுனது. சாமானக் கொண்டாந்தது இவரு. மலர் பேர எடுத்துரு."

அவன் வாய் திறந்தபடி அவளுடைய தோளுக்கு மேலே பார்த்தான். அவள் திரும்பவில்லை. வீட்டு வாசல் கிரில் இழுபடும் சத்தம் முதலில் கேட்டது. பிறகு மரக்கதவு. பிறகு பூட்டு, இரண்டு சுற்று.