பயிர் கருகினால் வருகிறேன்

வீம்புக்கு மருந்து கிடையாது. மனைவி இறந்த பிறகு மகள் எத்தனையோ தடவை வந்துவிடச் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து தின்பது மானக்கேடு என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார் மனிதர். இனி எந்த முகத்தோடு வருகிறேன் என்பது? கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"இந்தத் தடவை பயிர் கருகிடுச்சுன்னா வர்றேன். போதுமா?"

விதைத்த கையோடு மழை ஏமாற்றியது. மக்காச்சோளம் முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. சோயா நாலு இலை விட்டதோடு சரி. பக்கத்து நிலத்துக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். இவருக்கு மட்டும் உள்ளுக்குள் நிம்மதி. ரேடியோவில் வானிலை வாசிக்கிற பெண்ணுக்கு "சரிம்மா" என்று பதில் சொல்கிற அளவுக்குத் தனிமை முற்றியிருந்தது.

மகளை மத்தியான பஸ்ஸில் வரச் சொன்னார். தாகமெடுத்த சோளம் உச்சி வெயிலில் இலையைச் சுருட்டிக்கொள்ளும், வெயில் தாழ்ந்ததும் விரித்துவிடும். தெரியாதவர்கள் பார்த்தால் செத்துவிட்டது என்பார்கள். கல்யாணமாகிப் போனவள் இதையெல்லாம் மறந்திருப்பாள் என்பது இவர் போட்ட கணக்கு. துணிமணியைக்கூட ரகசியமாகப் பெட்டியில் அடுக்கிவிட்டார்.

மகள் வரப்பில் நின்று பார்த்தாள். சோளம் ஊசி ஊசியாய் நின்றது. சோயா இலைகள் வெளிறிய அடிப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தன.

"போச்சு, பாத்தியா?" என்றார்.

அவள் குனிந்து வேர்ப்பக்கம் மண்ணைக் கிளறினாள். "கீழே ஈரம் இருக்குப்பா. சாயங்காலம் வரைக்கும் பாப்போம். உங்களை ஏமாத்திக் கூட்டிட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது."

பெற்ற பெண் இத்தனை நியாயஸ்தியாக இருக்க வேண்டியதில்லை. அவள் சமையலறையைக் கழுவினாள், துணி துவைத்துப் போட்டாள். அவர் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் தாழ, சோளம் கொஞ்சமும் வெட்கமில்லாமல் ஒவ்வோர் இலையாக விரித்தது.

"நீங்க ஜெயிச்சிட்டீங்கப்பா," என்றாள் மகள். கண் கலங்கியிருந்தாலும் சிரித்தாள். "இனிமே வாங்க வாங்கன்னு உங்களைத் தொல்லை பண்ண மாட்டேன்."

என்னையும் கூட்டிக்கொண்டு போ என்பது தொண்டை வரை வந்தது. "நான்தான் அப்பவே சொன்னேனே," என்றார்.

பஸ் கிளம்பியது. அது கண்ணுக்கு மறையும்வரை கையாட்டினார். பிறகு நேரே நிலத்துக்குப் போய், பச்சைப் பசேலென்று நின்ற அந்தப் பயிரை வாயில் வந்தபடியெல்லாம் திட்டினார்.