பின்னால் வரும் விளக்கு

கொட்டும் மழையில் மலைப்பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் பெண்ணுக்கு ஊரில் கிடைக்கும் மரியாதை வயதுக்கு வயது மாறும். முப்பதில் ஓட்டியபோது தைரியசாலி என்றார்கள். நாற்பத்தைந்தில் திமிர் என்றார்கள். அறுபதை நெருங்கும் இப்போது, "பாவம், எடுத்துச் சொல்ல வீட்ல ஆள் இல்ல போல" என்கிறார்கள். சொல்வதற்கு ஆளுக்கா பஞ்சம்? மகள் சொல்கிறாள், மருமகன் சொல்கிறார், என்னிடம் சிகிச்சைக்கு வருகிறவர்கள்கூடக் கட்டிலில் குப்புறப் படுத்தபடி சொல்கிறார்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட். ஊரார் முட்டியையெல்லாம் மடக்கி நீட்டி நடக்க வைக்கிறவள். என் வலது முட்டி மட்டும் என் பேச்சைக் கேட்காது. ஈரக்காற்று பட்டால் போதும், கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி விறைத்துக்கொள்ளும். சில வருடங்களுக்கு முன் ஒரு மலை வளைவில் அந்தக் காலை ஊன்றப்போய், வண்டியும் நானும் மெதுவாக, ரொம்பக் கௌரவமாகச் சாய்ந்தோம். கால் வண்டிக்கு அடியில். எதிரே லாரி. பின்னால் வந்த என் கணவர் தன் வண்டியைக் குறுக்கே போட்டு லாரியை மறித்து என்னை இழுத்து எடுத்தார். அன்றோடு மழையில் தனியாக ஓட்டும் துணிச்சல் எனக்குப் போய்விட்டது. ஆனால் வண்டியை விடவில்லை. நான் முன்னால், அவர் பின்னால். பக்கக் கண்ணாடியில் அவருடைய விளக்கு தெரிகிறவரை எந்த மழையிலும் ஓட்டுவேன். அது தெரியாவிட்டால் ஓட்ட மாட்டேன்.

அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஊருக்கே பார்வை கொடுப்பதாக அவருக்கு நினைப்பு. வருடத்துக்கு ஒரு முறை கடைச் சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையின் எதிரே உட்கார்ந்து, கடைசி வரி வரை கடகடவென்று வாசித்து, தன் கண்ணுக்குத் தானே நற்சான்று வழங்கிக்கொள்வார். பக்கத்துக் கடையில் போய்ச் சோதித்தால் கௌரவம் என்னாவது?

ஒரு சனிக்கிழமை மலைக்கு அந்தப்பக்கம் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினோம். கிளம்பினோம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். கம்பளி பனியன், அதன்மேல் ஸ்வெட்டர், ஜாக்கெட், மழைக்கோட்டு, முட்டிக்கு உறை, இரண்டு ஜோடிக் கையுறை. எல்லாவற்றையும் மாட்டி, பித்தானெல்லாம் போட்டு, ஹெல்மெட் வாரை இறுக்கிய பிறகுதான் அவருக்குக் கழிவறை ஞாபகம் வரும். அவர் வந்ததும் எனக்கு வரும். நடுவே மகள் போன் செய்தாள்.

"அம்மா, பெரிய மழை வருதாம். வயசானவங்க வெளிய போக வேணாம்னு நியூஸ்ல சொல்றாங்க."

"வயசானவங்களுக்குத்தானே சொல்றாங்க? சொல்லட்டும்."

"அம்மா, உங்களத்தான் சொல்றாங்க."

போனை வைத்துவிட்டேன். பெற்ற பிள்ளைக்கே வாய் நீளம், என்னைப் போல.

மலை ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. நடுவழியில் மரம் விழுந்து பாதையை அடைத்திருந்தது. மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரிக் கறுப்பு மழைக்கோட்டில் அடைந்து கிடந்தோம். எங்கள் திருமண நாளில்கூட அவரை அவ்வளவு கூட்டத்தில் நான் தேடியதில்லை. மரத்தை அறுத்து வழிவிட்டதும் எல்லா வண்டிகளும் ஒன்றாகப் பாய்ந்தன. கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். நான் வழக்கம்போல இடது பக்கம் திரும்பினேன். கண்ணாடியில் விளக்கு பின்னால் வந்தது. அப்பாடா என்று இருந்தது.

அதன்பிறகு வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். மழையில் ஓட்டும்போது திட்டினால் உடம்புக்குக் கொஞ்சம் சூடு வரும். கிட்ட வந்தால் கையை ஆட்டித் தள்ளி வரச் சொன்னேன், தள்ளிப் போனால் கையை ஆட்டிக் கிட்ட வரச் சொன்னேன். அன்று ஒழுங்காகச் சொன்னபடி கேட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இறக்கத்தில் இருக்கும் பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். பின்னால் வந்த வண்டியும் நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றியவர் யாரோ ஒரு தபால்காரர்.

"என்ன மேடம், நான் ஏதாவது தப்பு பண்ணிட்டனா? வழியெல்லாம் கையை ஆட்டி ஆட்டி மெரட்டிட்டே வந்தீங்களே?" என்றார்.

என் கணவருக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நனையக்கூடாது என்று போனைப் பாலித்தீன் பையில் சுற்றி, வண்டிப் பெட்டிக்குள் பத்திரமாக வைக்கிற புத்திசாலி அவர்.

திரும்ப மலை ஏறினேன். கண்ணாடியில் விளக்கு இல்லை, வெறும் இருட்டு மழைதான். ஒவ்வொரு வளைவிலும் இறங்கி, டார்ச்சை அடித்துப் பள்ளத்தைப் பார்த்தேன். முட்டி மடங்கவில்லை, சேற்றில் உட்கார்ந்து, தவழ்ந்து, எட்டிப் பார்த்தேன். ஒரு பள்ளத்தில் வட்டமாக ஏதோ வெள்ளையாகக் கிடந்தது. அவருடைய ஹெல்மெட் வெள்ளை. அது ஒரு பெயின்ட் டப்பா என்று தெரிவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அந்த டப்பாவைப் பார்த்து வாய்விட்டு அழுதேன். வெட்கமெல்லாம் படவில்லை.

அப்போதுதான் புதிய எண்ணிலிருந்து போன் வந்தது. கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் பேசினார். உங்கள் வீட்டுக்காரர் இங்கேதான் இருக்கிறார், கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார், பெட்ரோல் பங்குக்கே கூட்டி வருகிறேன் என்றார்.

நான் பங்குக்குத் திரும்பி இறங்கிய கொஞ்ச நேரத்தில் வந்தார்கள். முன்னால் பண்ணைக்காரரின் வேன், அதன் பின்விளக்கை ஒட்டிக்கொண்டு இவர். வேன் பங்கைச் சுற்றிக் காற்றடிக்கும் இடத்துக்குப் போனது. இவரும் சுற்றிக்கொண்டு அங்கேயே போனார். நான் நடுவில் நின்று கையை ஆட்டியதைக் கவனிக்கவே இல்லை.

பண்ணைக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நான் என் பைக்ல வீட்டுக்குப் போறேங்க. பின்னாடியே வர்றாரு. நான் வளைஞ்சா வளையறாரு, நின்னா நிக்கறாரு. கேட் தாண்டி கோழி ஷெட்டுக்குள்ளயே வந்துட்டாரு. எறங்கினதும், 'ஏன்டி, பின்னாடி ஒருத்தன் வர்றது உனக்கு ஞாபகம் இருக்கா'ன்னு என்னைப் புடிச்சு திட்டு திட்டுன்னு திட்டறாருங்க. கோழியெல்லாம் அரண்டு போச்சு."

எனக்கும் சிரிப்பு வந்தது. பண்ணைக்காரர் கிளம்பிப் போகிறவரைக்கும் இருந்தது.

"கோழி ஷெட்டு தெரியலையா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"மழை," என்றார்.

"எனக்கும் அதே மழைதான்."

கையுறையைக் கழற்றினார், திரும்ப மாட்டினார். "மழைல எனக்கு செவப்பு மட்டும்தான் தெரியுது. மத்ததெல்லாம் சோப்புத் தண்ணி மாதிரி. கண்ணுல புரை விழுந்திருக்கு."

"மாசி மாசத்துல கடைசி வரி வரைக்கும் வாசிச்சீங்களே?"

"அந்தப் போர்டு நானே மாட்டினது. மனப்பாடம்."

"எப்பலேர்ந்து?"

"போன மழைக்கு முன்னாடியே. சொன்னா நீங்கல்லாம் சேர்ந்து வண்டியைப் பிடுங்கிடுவீங்க. உன் பின்விளக்கு இருக்கறப்ப எனக்கு என்ன பயம்னு விட்டுட்டேன்."

போன மழைக்காலம் முழுக்க நான் ஓட்டிய மலைப்பாதைகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் கண்முன்னே வந்தன.

"நான் வழியில விழுந்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

பொய் சொல்லியிருக்கலாம். அதில்தான் அவருக்கு நல்ல பழக்கம் இருந்ததே.

"தெரிஞ்சிருக்காது," என்றார். "உன் மேலயே ஏத்தியிருப்பேன்."

பிறகு பங்க்காரரிடம் போய், வண்டியை அங்கேயே ஷெட்டில் விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டு, சாவியை மேசைமேல் வைத்தார். அந்தச் சாவியை விட்டுவிட அவருடைய விரல்களுக்கு மனம் வரவில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது. கன்னத்தில் அறையலாம் போலவும் இருந்தது.

"நான் பஸ்ல வந்துடறேன். நீ மெதுவா ஓட்டிட்டு வா. ஜாக்கிரதை," என்றார்.

நான் என் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அவர் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். என் சாவியையும் மேசைமேல் வைத்தேன்.

"உனக்கென்ன? உன் கண்ணு நல்லாத்தானே இருக்கு?"

"பின்னாடி யாரு வருவா?" என்று கேட்டேன்.

பஸ் வந்தது. ஏறும்போது என் முட்டி மடங்காததைப் பார்த்து, பின்னாலிருந்து என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். போன மழைக்காலம் முழுக்க எனக்குப் பின்னால் யாருமே இருந்திருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், மகள் வீடு போய்ச் சேர்கிறவரை விடவில்லை.