பென்சிலில் இருந்த இரண்டு வரி

பழைய புத்தகக் கடைக்காரருக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். ஒரு நாவலைப் புரட்டி, இது முதல் பதிப்பு என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அந்தக் கர்வம் மனிதருக்குக் கொஞ்சநஞ்சமில்லை.

போன வாரம் ஓர் அம்மா தன் அக்காவோடு வந்து ஒரு நாவலைக் கொடுத்தார். அந்த நாவலைத் தட்டச்சு செய்து கொடுத்தவரே அந்த அம்மாதானாம்.

"விக்கிறதுக்கு இல்லைங்க. அச்சாகி வந்த அன்னைக்கே எழுத்தாளர் எனக்குன்னு ரெண்டு வரி எழுதிக் கொடுத்தது. அக்கா நம்ப மாட்டேங்குறா. முதல் பதிப்புதானான்னு பாத்துச் சொல்லுங்க, போதும்."

இதில் பாதிகூடக் கடைக்காரர் காதில் ஏறவில்லை. கண்தான் அப்போதே அட்டைக்குப் போய்விட்டதே!

இன்று இருவரும் வந்ததும் ஆள் குஷியாக ஆரம்பித்தார். "பச்சைத் துணி அட்டை பாருங்க. முதல்ல கட்டினது மட்டும்தான் பச்சை. துணி தீந்துபோய், அப்புறம் வந்ததெல்லாம் நீலம். மறுபதிப்புன்னு உள்ள எங்கயும் போடலை. அசல் முதல் பதிப்பு!"

அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஆசையாகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். பக்கம் வெறுமையாக இருந்தது. முன்னும் பின்னும் புரட்டினார்.

"இங்க பென்சில்ல ரெண்டு வரி இருந்துச்சே…"

பூதக்கண்ணாடியின் கண் மேஜைமேல் கிடந்த ரப்பருக்குப் போனது. எந்தப் புத்தகம் வந்தாலும் முதல் வேலையாகப் பென்சில் கிறுக்கலை ரப்பரால் அழித்துவிடுவது அவர் வழக்கம். வாங்க வருகிறவர்களுக்குப் பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும். இருபத்தைந்து வருஷப் பழக்கம், இது விற்பனைக்கு இல்லை என்பதையும் மறந்து கை பாட்டுக்கு அழித்திருக்கிறது.

"ஒண்ணுமே இல்லையேம்மா. நான் பாக்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு" என்றார், வாய் கூசாமல்.

அக்கா கைகொட்டிச் சிரித்தாள். "நான்தான் சொன்னேனே! கடையில வாங்கி வச்சுக்கிட்டு, பீரோவுக்குள்ள பூட்டி வச்சு யாருக்கும் காட்டாம, நாப்பது வருஷமா கதை விட்டிருக்கே."

"அப்படித்தான் போலிருக்குக்கா. நானா நினைச்சுக்கிட்டேனோ என்னவோ" என்று புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவர் படியிறங்கினார்.

அடப் பாவி மனுஷா! இவர் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, அந்த அம்மா தன் ஞாபகத்தையே சந்தேகப்பட வேண்டியதாயிற்று. பூதக்கண்ணாடிக்கு உடம்பெல்லாம் கூசியது. செருப்புகூடப் போடாமல் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார்.

"நான்தாம்மா அழிச்சேன். தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்."

நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நிமிர்ந்து பார்க்க முடியாமல் நின்றார். திட்டு விழும் என்று காத்திருந்தவரின் கையை அந்த அம்மா இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ இருந்துச்சுல்ல? அக்கா, கேட்டுக்கோ! நீங்க அழிக்கும்போது படிச்சிருப்பீங்களே. என்ன எழுதியிருந்துச்சுன்னு நீங்களே இவகிட்ட சொல்லுங்க."

அட்டை என்ன துணி, தையல் எத்தனை, காகிதம் எந்த ரகம், எல்லாம் அவருக்கு மனப்பாடம். அக்காவும் தங்கையும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"படிக்கலைம்மா" என்றார்.